நோவாவின் சாபம்: விவிலியக் கதை விதியான வரலாறும் புதினங்களின் எதிர்வினையும்

ஆய்வுச் சுருக்கம்

ஆதியாகமத்தில் நோவா தன் பேரன் கானானுக்கு இட்ட சாபம், பிற்காலத்தில் ஆப்பிரிக்க மக்கள் அனைவரின் பிறப்பு விதியாகப் பொருள்கொள்ளப்பட்டது. மூலப் பாடத்தில் இல்லாத நிறமும் இனமும் அதனுள் எவ்வாறு நுழைந்தன, சட்டம் அதனோடு எவ்வாறு முரண்பட்டது, அமெரிக்கப் புதினங்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ (1852), ஜேம்ஸ் பால்ட்வினின் ‘கோ டெல் இட் ஆன் த மவுண்டன்’ (1953) ஆகிய இரு புதினங்களும், பிரடெரிக் டக்ளஸின் தன்வரலாறும் (1845) முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நோவா, காம், கானான், சாபம், ஊழ், அடிமைமுறை, இனக்காழ்ப்பு, ஸ்டோவ், பால்ட்வின்.

பாடம் சொல்வதும் சொல்லாததும்

ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பெருவெள்ளம் வடிந்த பின் நிகழ்ந்ததாக ஒரு சிறு குடும்ப நிகழ்ச்சி இடம்பெறுகிறது. நோவா திராட்சைத் தோட்டம் இடுகிறான். அதன் மதுவைக் குடித்து வெறித்து, தன் கூடாரத்தில் ஆடை விலகிக் கிடக்கிறான். மகன் காம் அதனைக் கண்டு வெளியே நின்ற உடன்பிறந்தார் இருவருக்கும் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து சென்று, தந்தையைப் பாராமலே ஆடையால் மூடுகின்றனர். வெறி தெளிந்த நோவா சபிக்கிறான். ஆனால் அவன் சபிப்பது காமை அன்று; காமின் மகனாகிய கானானை. கானான் தன் தந்தையின் உடன்பிறந்தார்க்கு அடிமைகளுள் அடிமையாவான் என்பதே சாபத்தின் சாரம்.

இப்பகுதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆப்பிரிக்கா இல்லை. சாபத்தை உரைப்பவர் கடவுள் அல்லர். மது தெளிந்து எழுந்த ஒரு முதியவன். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் நோவாவையும் அவன் மக்களையும் கடவுள் ஆசீர்வதித்துவிட்டார். அம்மக்களுள் காமும் ஒருவன். ஆசி பெற்றவனைச் சபித்தல் இயலாமையால்தான் சாபம் மகன்மேல் இறங்கியது என்று, பெரேஷித் ரப்பா என்னும் யூத உரைத்தொகுப்பில் ஒரு விளக்கம் காணப்படுகிறது. குற்றம் ஒருவனுடையது, தண்டம் இன்னொருவனுடையது என்னும் முரண் பண்டை உரையாசிரியர்களையே உறுத்தியது என்பதற்கு இது சான்றாகும்.

அடுத்த அதிகாரம் காமுக்கு நான்கு மக்களைக் குறிக்கிறது: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். கூஷ் எத்தியோப்பியாவையும் நூபியாவையும், மிஸ்ராயீம் எகிப்தையும் குறிப்பன. சபிக்கப்பட்ட கானானின் வழியினர் எபூசியர், எமோரியர் முதலிய மேற்காசிய மக்கள். இஸ்ரயேலர் பின்னர்க் கைப்பற்றிய நாட்டின் பழங்குடிகள் அவர்களே. அந்நிலத்தின்மேல் இஸ்ரயேலர் கொண்ட உரிமைக்கு முன்கதை கூறுவதே இப்பகுதியின் நோக்கம் என விவிலிய ஆய்வாளர் பலர் கருதுவர். எனவே சாபத்திலும் காழ்ப்பு இல்லாமல் இல்லை. ஆயின் அது அண்டை நாட்டார்மேல் கொண்ட காழ்ப்பு, கரிய நிறத்தார்மேல் கொண்டதன்று. ஆப்பிரிக்க மக்களோடு தொடர்புறும் கூஷ் சபிக்கப்படவே இல்லை என்பது இங்கு அழுத்திச் சொல்லத்தக்கது.

விவிலியத்தின் பிற பகுதிகளும் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கவை. எண்ணாகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், மோசே கூஷ் நாட்டுப் பெண்ணை மணந்தமைக்காக மிரியாம் குறை கூறுகிறாள். அவளுக்குக் கிடைக்கும் தண்டனை தொழுநோய். அவள் உடல் பனிபோல் வெளுத்துவிடுகிறது. கரிய பெண்ணைப் பழித்தவள் வெளுப்பினாலேயே ஒறுக்கப்பட்டாள் என்னும் இந்நிகழ்ச்சி, நிறத்தைச் சாபமாக வாசித்த உரைகாரர்களின் கண்ணில் படாமற் போனது வியப்புக்குரியது. எசேக்கியேல் நூலின் பதினெட்டாம் அதிகாரமோ தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று வெளிப்படையாக அறுதியிடுகிறது. மூன்று, நான்கு தலைமுறை வரை குற்றம் தொடரும் என்னும் யாத்திராகமக் கருத்துக்கு இது நேர் எதிர். மறைநூலுக்குள்ளேயே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அடிமைமுறையை ஆதரித்தோர் ஒரு தரப்பின் வாக்குமூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

நிறம் நுழைந்த வழி

டேவிட் கோல்டன்பெர்க் 2003-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, கரிய நிறம் பற்றிய கதையும் அடிமைத்தனம் பற்றிய கதையும் தொடக்கத்தில் தனித்தனியே இருந்தவை என நிறுவுகிறது. பேழைக்குள் இருந்தபோது செய்த பிழைக்காகக் காமின் தோல் ஒறுக்கப்பட்டது என்று பாபிலோனியத் தல்மூதில் ஒரு கதை உண்டு. அதில் அடிமைத்தனம் இல்லை. ஆதியாகமத்தில் அடிமைத்தனம் உண்டு, நிறம் இல்லை. ஏழாம் நூற்றாண்டிற்குப் பின், ஆப்பிரிக்கர் பெருந்தொகையாக மேற்காசியாவிற்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட சூழலில்தான் இரண்டும் ஒன்றாய்ப் பின்னப்பட்டன. ‘காம்’ என்னும் பெயர் ‘கருமை’, ‘வெம்மை’ ஆகிய பொருள்களைத் தரும் வேர்ச்சொற்களிலிருந்து பிறந்தது என்னும் நெடுநாள் நம்பிக்கையையும் அவர் மறுக்கிறார். நடைமுறை முன்னே சென்றது. காரணக்கதை பின்னே வந்தது.

இதற்கு எதிர்க்குரல்களும் தொடக்கத்திலேயே எழுந்தன. பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில், நோவாவின் சாபம் பற்றித் தோரா கூறினும் அதில் கருமை பற்றிய குறிப்பு இல்லை என்றும், நிறத்திற்குக் காரணம் தட்பவெப்பமே என்றும் எழுதினார். (அதே இப்னு கல்தூன் வெப்ப நாட்டாரின் இயல்பு பற்றி எழுதியவை காழ்ப்பிலிருந்து விடுபட்டவை அல்ல. சாபத்தை மறுப்பவர் எல்லாரும் சமத்துவம் பேசியவர் என்று கொள்ளல் கூடாது.) திம்புக்துவைச் சேர்ந்த அறிஞர் அகமது பாபா 1615-இல் அளித்த தீர்ப்புரையில், ஒருவரை அடிமையாக்குவதற்குக் காமின் வழித்தோன்றல் என்பது காரணமாகாது என்று கூறினார்.

ஐரோப்பாவில் இக்கதை அடிமை வணிகத்தோடு கைகோத்துச் சென்றது. போர்ச்சுக்கீசிய வரலாற்றெழுத்தர் சுராரா 1453-இல் முடித்த கினியா வரலாற்றில் இச்சாபத்தைச் சுட்டுகிறார். 1444-ஆம் ஆண்டு லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர் பங்கிடப்பட்டதை விவரிப்பதும் அதே நூல்தான். தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்டபோது எழுந்த அழுகையைக் கேட்டுச் சுராரா இரங்குகிறார். உடனே அவர்களின் ஆன்மா மீட்கப்படுவதை எண்ணி ஆறுதலும் கொள்கிறார். நம்பிக்கை, விதி, காழ்ப்பு ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில், ஒரே கையெழுத்தில் கலந்திருப்பதை இங்குக் காணலாம்.

நோவாவின் கால்வழிப் பட்டியல் எவ்வளவு வளைந்துகொடுக்கக் கூடியது என்பதற்கு இந்தியத் தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ் 1792-ஆம் ஆண்டுப் பேருரையில், இந்தியரையும் கிரேக்கரையும் உரோமரையும் எகிப்தியரையும் காமின் வழியினராக வகுத்தார். அவர் பார்வையில் காம் இழிந்தோரின் முன்னோன் அல்லன். பெரும் நாகரிகங்களின் முன்னோன். அதே ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலின் மறுகரையில் அதே காம் அடிமைச்சந்தையின் முன்னோனாக இருந்தான். பட்டியல் ஒன்றே, படிப்பவரின் தேவை வேறு.

தந்தை வழிச் சாபமும் தாய் வழிச் சட்டமும்

சாபம் கதையாக இருக்கும் வரை அது ஒரு கருத்து மட்டுமே. அது விதியாவதற்குச் சட்டம் வேண்டும். ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் குழந்தையின் நிலை தந்தையைச் சார்ந்தது. வர்ஜீனியாக் குடியேற்றத்தின் பேரவை 1662-இல் இதனை மாற்றியது. ஆங்கிலேய ஆடவருக்கும் ஆப்பிரிக்கப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தை அடிமையா, சுதந்திரமுடையதா என்னும் ஐயத்தை நீக்கவே இச்சட்டம் என்று அதன் முகப்பே கூறுகிறது. குழந்தை தாயின் நிலையையே பெறும் என்பது தீர்ப்பு. 1667-இல் வந்த சட்டம் திருமுழுக்குப் பெறுவதால் அடிமையின் நிலை மாறாது என்றது. கிறித்தவரைக் கிறித்தவர் அடிமையாக வைத்திருக்கலாமோ என்று தயங்கிய உரிமையாளர்களின் மனச்சான்றுக்கு அது மருந்தாயிற்று. முதற்சட்டம் பிறப்பை விதியாக்கியது. இரண்டாம் சட்டம் நம்பிக்கையால் அவ்விதியை வெல்லும் வழியை அடைத்தது.

இங்கே ஓர் உள்முரண் தோன்றுகிறது. விவிலியத்தின் கால்வழி தந்தைவழிப்பட்டது: நோவா, காம், கானான். சட்டத்தின் கால்வழி தாய்வழிப்பட்டது. வெள்ளை உரிமையாளனுக்குப் பிறந்த குழந்தை, விவிலியக் கணக்கின்படி யாப்பேத்தின் வழியினது. சட்டக் கணக்கின்படி அடிமை. இவ்விரு கணக்கும் பொருந்தா என்பதைக் கூர்மையாக வெளிக்கொணர்ந்தவர் பிரடெரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து தப்பியவர் அவர். தம் தந்தை வெள்ளையர் என்று மட்டும் அறிந்தவர். 1845-இல் வெளியான தன்வரலாற்றின் முதல் அதிகாரத்திலேயே, ஆண்டுதோறும் வெள்ளைத் தந்தையருக்குப் பிறக்கும் ஆயிரக்கணக்கான அடிமைகளைச் சுட்டி, காமின் மக்கள் மட்டுமே மறைநூற்படி அடிமைகளாவர் எனில் தென்மாநில அடிமைமுறை விரைவில் மறைநூலுக்கு மாறானதாகிவிடும் என்று வாதிடுகிறார். கானானின் கதையை அவர் மறுக்கவில்லை. எதிரியின் கணக்கையே எடுத்து, அது தப்பாக முடிவதைக் காட்டிவிடுகிறார். இவ்விவாதத்தில் எழுந்த இறையியல் நூல்கள் பலவற்றினும் டக்ளஸின் இவ்வொரு பத்தி வலிமையுடையது.

அவருக்கு முன்பே 1841-இல் ஜேம்ஸ் பென்னிங்டன் தம் மக்கள் கூஷின் வழியினரே அன்றிக் கானானின் வழியினர் அல்லர் என்று எழுதியிருந்தார்; அவரும் அடிமைநிலையிலிருந்து தப்பிப் போதகரானவர். 1837-இல் தியோடர் வெல்ட் வேறொரு தடத்தில் சென்றார். முன்னுரைத்தல் வேறு, ஏவுதல் வேறு என்பது அவர் வாதம். இஸ்ரயேலர் எகிப்தில் அடிமைப்படுவர் என்பதும் ஆபிரகாமுக்கு முன்னுரைக்கப்பட்டதே. அதனால் பார்வோன் குற்றமற்றவன் ஆகிவிட்டானா? விதி என்று ஒன்று உண்டெனினும் அதனை நிறைவேற்றுபவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியே என்னும் இக்கருத்து, மறுதரப்பால் எளிதில் மறுக்கக்கூடியதன்று.

தமிழ் மரபில் பயின்றவர்க்கு இவ்விடத்தில் ஒரு வேறுபாடு புலனாகும். அறத்துப்பாலின் இறுதியதிகாரம் பேசும் ஊழ், சிலப்பதிகாரத்தில் கோவலனைத் தொடரும் வினை ஆகியவை செய்தவனையே வந்தடைவன. பிறவி மாறினும் கணக்கு அவனுடையதே. புராணங்களின் சாபமோ பிறர் இடுவது. ஆயினும் அங்குப் பெரும்பாலும் சாபவிமோசனமும் உடன் சொல்லப்படும். அகலிகையின் கல்லுக்கு ஓர் எல்லை உண்டு. கானான்மேல் விழுந்த சாபம் இவ்விரண்டிலும் சேராது: வினை அவனுடையதன்று, விமோசனமும் குறிக்கப்படவில்லை. அடிமை உடைமையாளருக்கு அது வாய்ப்பானதற்கு இவ்வெல்லையின்மையும் ஒரு காரணம் எனலாம்.

நீராவிக் கப்பலில் ஒரு போதகர்

மதநூல் விவாதம் சூடேறியிருந்த காலத்தில்தான் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ வந்தது. அடிமைமுறை பற்றிய பிணக்கால் மெதடிஸ்ட் சபை 1844-இலும் பாப்டிஸ்ட் சபை 1845-இலும் வட, தென் பிரிவுகளாகப் பிளவுண்டிருந்தன. ஸ்டோவ், லைமன் பீச்சர் என்னும் கால்வினியப் போதகரின் மகள். விவிலியப் பேராசிரியர் ஒருவரின் மனைவி. மனிதரின் முடிவு முன்குறிக்கப்பட்டது என்னும் கோட்பாடு அவர் வீட்டில் அன்றாடப் பேச்சு. 1849-இல் காலரா நோயில் கைக்குழந்தை ஒன்றை இழந்தார். 1851 சூன் முதல் ‘நேஷனல் எரா’ இதழில் தொடராக வந்த புதினம், 1852 மார்ச்சில் நூலாகி, ஓராண்டிற்குள் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 3,00,000 படிகள் விற்றது.

அதன் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒகையோ ஆற்றில் நீராவிக் கப்பல் ஒன்று செல்கிறது. மேல்தளத்தில் பயணிகள் அடிமைமுறை பற்றி உரையாடுகின்றனர். கீழ்த்தளத்தில் வணிகன் ஹேலி வாங்கிய அடிமைகள் விலங்குடன் இருக்கின்றனர். கறுப்புடை அணிந்த போதகர் ஒருவர் கானானின் சாபத்தை எடுத்துரைத்து, ஆப்பிரிக்க இனம் ஊழியம் செய்வதே இறைத்திட்டம் என்கிறார். அருகில் நின்ற மற்றொருவர் கிண்டலாக, அப்படியானால் எல்லாரும் போய் அடிமைகளை வாங்க வேண்டியதுதான் என்கிறார். ஓர் இளைஞர், பிறர் நமக்குச் செய்ய வேண்டுமென விரும்புவதையே நாமும் பிறர்க்குச் செய்தல் வேண்டும் என்னும் நற்செய்திப் போதனையை எதிர்வைக்கிறார். விவாதம் முடிவுறவில்லை. கப்பல் கரை சேர்கிறது. ஒரு பெண் ஓடிவந்து விலங்கிடப்பட்ட தன் கணவனைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

அதே அதிகாரத்தில் லூசி என்னும் அடிமைப் பெண்ணின் குழந்தையை, அவள் அறியாமல் ஹேலி 45 டாலருக்கு விற்றுவிடுகிறான். அன்றிரவு அவள் ஆற்றில் பாய்ந்து உயிர்விடுகிறாள். ஹேலிக்கு அது கணக்கேட்டில் எழுதப்படும் ஓர் இழப்பு. போதகரின் மேற்கோளுக்கு ஸ்டோவ் எதிர்மேற்கோள் ஒன்றைத் தருகிறார். ஆனால் அவருடைய உண்மையான விடை இந்நிகழ்ச்சி அடுக்கில்தான் உள்ளது. சாபம் மேல்தளத்தில் கருத்தாகவும் கீழ்த்தளத்தில் விலையாகவும் இருக்கிறது. வசனத்திற்கு வசனம் வைக்கும் விவாதத்தால் இயலாத ஒன்றை, இரு தளங்களையும் ஒரே கப்பலில் வைத்துப் புதினம் செய்துவிடுகிறது.

பதினாறாம் அதிகாரத்தில் செயின்ட் கிளேர் கூறுவதும் இத்தகையது. கடவுள் ஒவ்வொருவரையும் அவரவர் நிலையில் வைத்துள்ளார் என்னும் பொருளில் கேட்ட பிரசங்கத்தை அவன் மனைவி மெச்சுகிறாள். பருத்தியின் விலை என்றைக்குமாக வீழ்ந்துவிட்டால், மறைநூலுக்கு உடனே வேறொரு விளக்கம் கிடைத்துவிடும் என்பது அவன் மறுமொழி. விளக்கவுரையின் பின்னாலுள்ள பொருளியலை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இறையியல் நூலைக் காண்பது அரிது.

எனினும் ஸ்டோவ் காழ்ப்பைக் கடந்தவர் அல்லர். ஒபீலியா வழியாக வடமாநிலத்தாரின் அருவருப்பை அம்பலப்படுத்திய அவரே, ஆப்பிரிக்க இனத்தின் ‘இயல்பு’ பணிவும் பக்தியும் என்று மீண்டும் மீண்டும் எழுதுகிறார். சாபத்தால் விதிக்கப்பட்ட இயல்பை மறுத்து, ஆசியால் விதிக்கப்பட்ட இயல்பை அவ்விடத்தில் வைத்துவிடுகிறார். முடிவில் ஜார்ஜ் ஹாரிஸ் குடும்பம் லைபீரியாவுக்குச் செல்கிறது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு அமெரிக்காவில் இடமுண்டா என்னும் வினாவைப் புதினம் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறது. பால்ட்வின் 1949-இல் எழுதிய கட்டுரையில் ஸ்டோவைக் கடுமையாகச் சாடியதற்கு அடிப்படை இதுவே. கருமையைத் தீமையோடும் வெண்மையை அருளோடும் இணைக்கும் இறையியல் அச்சத்திலிருந்து ஸ்டோவ் வெளிவரவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு.

அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னும் சாபம் ஒழியவில்லை. கூட்டமைப்பின் துணைத்தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானாவில் ஆற்றிய உரையில் இயற்கையையும் கானானின் சாபத்தையும் துணைக்கழைத்தார். அடிமை உடைமையாளரைச் சமயப்பணியாளராக ஏற்கும் உரிமைக்காக 1845-இல் பிரிந்த தென்னக பாப்டிஸ்ட் பேரவை, அடிமைமுறைக்கு வருந்தித் தீர்மானம் இயற்றியது 1995-இல். காமின் சாபக் கோட்பாட்டை வெளிப்படையாகக் கைவிட்டது 2018-இல். பிரிவுக்கும் கைவிடலுக்கும் இடையே 173 ஆண்டுகள்.

குளியல் தொட்டியருகே காம்

இதுகாறும் கண்டவற்றில் சாபம் வெளியிலிருந்து ஒருவர்மேல் சுமத்தப்படுவது. சுமத்தப்பட்டவரே அதனை நம்பத் தொடங்கினால் என்னாகும் என்பதைக் காட்டியவர் பால்ட்வின். 1924-இல் ஹார்லெமில் பிறந்து, போதகரான மாற்றாந்தந்தையிடம் வளர்ந்து, பதினான்காம் வயதில் தாமும் பிரசங்கியானவர் அவர். தாம் காமின் வழித்தோன்றல் என்பதும், அதனால் அடிமையாக முன்குறிக்கப்பட்டவர் என்பதும் பல கிறித்தவர்களின் கொள்கை என்று அக்காலத்தில் உணர்ந்ததை 1963-இல் வெளியான ‘த ஃபயர் நெக்ஸ்ட் டைம்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

அவரது முதற்புதினம் 1935 மார்ச் மாதத்தின் ஒரு சனிக்கிழமையில், ஜான் என்னும் சிறுவனின் பதினான்காம் பிறந்தநாளில் தொடங்கி, மறுநாள் விடியலில் முடிகிறது. தந்தையென்று அவன் அறிந்த கேப்ரியல் உண்மையில் மாற்றாந்தந்தை. கேப்ரியலுக்குக் கடவுள் அரசவழித் தோன்றலை வாக்களித்ததாக ஒரு நம்பிக்கை. முதல் மகன் ராயல் முறையற்ற உறவில் பிறந்தவன். கேப்ரியல் அவனை ஏற்கவில்லை, அவன் சிகாகோவில் கத்திக்குத்தில் இறந்தான். இரண்டாம் மகன் ராய் தந்தைக்கு அடங்காதவன். கீழ்ப்படிந்து படித்து வளரும் ஜானோ ‘அடிமைப்பெண்ணின் மகன்’. ஆகார் பெற்ற இசுமவேல். வெள்ளையர் கறுப்பினத்தவர்மேல் பயன்படுத்திய அதே கால்வழிக் கருவியை ஒரு கறுப்பினத் தந்தை தன் வீட்டுக்குள் ஒரு சிறுவன்மேல் பயன்படுத்துகிறார்.

ஜானின் உண்மைத் தந்தை ரிச்சர்டின் முடிவும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. கடைக்கொள்ளையில் பிடிபட்ட மூவரோடு தற்செயலாக நின்றிருந்தமையால் அவர் கைது செய்யப்படுகிறார். கறுப்பினத்தவர் அனைவரும் ஒன்றே என்பதே கடைக்காரனின் அடையாளச் சான்று. குற்றமற்றவரென விடுவிக்கப்பட்ட பின் மணிக்கட்டை அறுத்துக்கொண்டு இறக்கிறார். விவிலியம் அறியாத, நூலகத்திலும் அருங்காட்சியகத்திலும் நம்பிக்கை வைத்த இளைஞர் அவர். சாபத்தை நம்பாதவரையும் சாபம் தேடிவந்து அடைவது எவ்வாறு என்பதற்குப் புதினம் தரும் விடை இது: அதற்கு இறையியல் தேவையில்லை, ஒரு கடைக்காரனின் பார்வை போதும்.

மூன்றாம் பகுதியில் ஜான் ஆலயத் தரையில் விழுந்து கிடக்கிறான். குளியல் தொட்டியில் தந்தையின் முதுகைத் தேய்த்தபோது அவருடைய ஆடையற்ற உடலைக் கண்டதும் வெறுத்ததும் அவன் நினைவில் எழுகின்றன. தான் காம் ஆகிவிட்டோம் என அஞ்சுகிறான். அவனுள்ளே ஏளனக் குரல் ஒன்று கேட்கிறது: யுகங்களுக்கு முன் ஒருவன் கூடாரத்தில் கண்டதற்காக, இன்று தொட்டியில் கண்டவன் சபிக்கப்படுவானா? சாபம் இவ்வளவு காலம் கடந்து இறங்குமா? ஜான் விடை கூறவில்லை. டக்ளஸின் வாதம் சாபத்தைக் கணக்கால் முறியடித்தது. வெல்டின் வாதம் தருக்கத்தால். பால்ட்வினோ அவ்வினாவை ஒரு சிறுவனின் உடலுக்குள், தந்தைமேல் அவன் கொண்ட வெறுப்புக்கும் அச்சத்துக்கும் நடுவில் வைக்கிறார். அங்கு அது ஒரு மக்களினத்தின் வரலாறாகவும் ஒரு வீட்டின் வரலாறாகவும் ஒருங்கே நிற்கிறது. நோவாவின் கதையும் தொடக்கத்தில் ஒரு வீட்டின் கதைதானே.

விடியலில் ஜான் எழுகிறான். மீட்கப்பட்டதாகச் சபையோர் மகிழ்கின்றனர். இளம் போதகன் எலைஷா அவன் நெற்றியில் முத்தமிடுகிறான். வீட்டு வாயிலில் ஜான் தந்தையை நோக்கித் திரும்புகிறான். தன் முகத்தில் புன்னகை இருப்பதை உணர்கிறான். கேப்ரியல் புன்னகைக்கவில்லை.